ஆடாத கயிற்றில் சூரியக் காற்று

அறுபதுகளின் தொடக்கத்தில் அரிமளத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். நான்கு வருஷம், இரண்டு மாதம், ஒன்பது நாளாகத் தற்காலிகம். ஆய்வாளர் வந்து என் பாடத்தைப் பார்த்து நல்லதாக ஒரு வரி எழுதினால்தான் வேலை நிரந்தரம். அவர் வரும் தேதி தெரிந்ததிலிருந்து மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூரியக் காற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் அந்தக் காற்று காந்தக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மின்னூட்டம் பெற்ற துகள் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றியே போகும். காற்று கொந்தளித்துக் கோடு நெளிந்தால் துகள் தடுமாறும். சில வந்த வழியே திரும்பிவிடும். இதைக் காட்ட, பள்ளிக் கிணற்றுக் கயிற்றை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே தொய்வாகக் கட்டி, அதில் ஒரு பித்தளை வளையத்தைக் கோத்தேன். கயிற்றை உதறிக்கொண்டே நாற்பது முறை விட்டுப் பார்த்தேன். இருபத்தாறு முறை மறுமுனைக்குப் போனது. பதினான்கு முறை பாதியில் திரும்பியது.

ஆய்வாளர் வரும் காலையில் தலைமையாசிரியர் கயிற்றைப் பார்த்தார்.

"என்ன சார், தொளதொளன்னு கெடக்கு? அதிகாரி வர்ற நேரம்!"

"ஆடுனாத்தாங்க பாடமே."

"ஆடுறதெல்லாம் திருவிழாவுல ஆடட்டும். இங்க ஒழுங்கு வேணும். ஏம்ப்பா, அங்கிட்டு இழுத்துக் கட்டு!"

பியூன் இழுத்துக் கட்டினார். கயிறு கம்பியானது. அதில் வண்ணக் காகிதக் கொடிகளும் ஏறின, எண்ணினேன், முப்பத்திரண்டு. வளையம் நகர எனக்கு மிஞ்சியது ஒன்றரை முழம்.

இளநீர் குடித்துவிட்டு ஆய்வாளர் வந்தார். கொந்தளிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வளையத்தைத் தள்ளினேன். அது நேராகப் போய் முதல் கொடியில் முட்டி நின்றது.

"ஒழுங்காத்தானே போகுது? கொந்தளிப்பு எங்கய்யா?" என்றார்.

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். நான்கு வருஷம், இரண்டு மாதம், ஒன்பது நாளும் கண்முன் வந்தன. வருவது வரட்டும் என்று ஒரு முனையை அவிழ்த்து உதறினேன். கொடிகள் கிழிந்து பறந்தன. வளையம் பாதி தூரம் போய், நெளிவில் மாட்டி, திரும்பி வந்து என் விரல் முட்டியில் அடித்தது. ஆய்வாளர் கைதட்டினார்.

"துகளுக்கு ஹெட்மாஸ்டரக் கண்டு பயம் போலருக்கு!"

அவர் சிரித்தார். தலைமையாசிரியரும் அவருக்காகச் சிரித்தார்.

பார்வைப் பதிவேட்டில் ஆய்வாளர் எழுதியவை இரண்டு வரிகள். முதல் வரி: "பாடம் மிக நன்று, பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கிறேன்." இரண்டாம் வரி: "இனி கயிற்றை ஆடாமல் இறுக்கிக் கட்டவும்."

வேலை நிரந்தரமானது. இரண்டாம் வரியைத் தலைமையாசிரியர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஓய்வு பெறும் வரை இருபத்து மூன்று முறை அந்தப் பாடத்தை நடத்தினேன். ஒருமுறைகூட வளையம் திரும்பவில்லை.