மட்டாஞ்சேரிக் கிடங்குச் சுவரின் இரண்டு மஞ்சள்கள்

மட்டாஞ்சேரிக்கு நான் சென்றது சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு சுவரை அளக்க. நாள் 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. (நண்பர்கள் சிலரிடம் 12 என்று சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளவும்.)

கோவையில் என் எதிர்வீட்டுக்காரரின் மைத்துனர் முருகேசன், மட்டாஞ்சேரியில் பெயின்ட் மேஸ்திரி. சுக்கு வியாபாரி ஹம்சா தம் கிடங்கு முகப்பின் இடப்பாதிக்கு ஜனவரியிலும் வலப்பாதிக்குப் பிப்ரவரியிலும் அவரைக்கொண்டு மஞ்சள் பூசினார். வலப்பாதி வேறு நிறம் என்பது ஹம்சாவின் கட்சி; ஒரே கலவை என்பது முருகேசனின் சத்தியம். வேறுதான் என்றால் முழுவதையும் சுரண்டிவிட்டு வேறொருவரிடம் வேலையைத் தருவதாக ஹம்சா சொல்லிவிட்டார். அப்புறம் அந்தக் கடைவீதியில் முருகேசனை யார் கூப்பிடுவார்கள்? அளந்து சொல்லும்படி எதிர்வீட்டுக்காரர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

ஒளியை ஆறு பட்டைகளாகப் பிரித்துப் படமெடுக்கும் கேமரா ஒன்றை, 2016 மே 31 அன்று ஓய்வு பெற்றபின் நானே கூட்டிச் சேர்த்தேன். படத்தில் பதிவது சுவரின் நிறம் மட்டுமன்று. அதன்மேல் விழும் வெளிச்சமும் சேர்ந்ததே. பிரதிபலிப்பு அளவு தெரிந்த ஒரு வெள்ளைப் பலகையையும் உடன் படமெடுத்தால், வெளிச்சத்தைக் கணக்கிட்டு நீக்கிவிடலாம்.

முதல்நாள் எர்ணாகுளத்தில் தங்கி, காலை 7.40 படகில் ஃபோர்ட் கொச்சி சேர்ந்தேன். 6 ரூபாய், 20 நிமிடம். அங்கிருந்து ஆட்டோவில் 2 கிலோமீட்டர், 60 ரூபாய்.

“சாரே, கல்யாண போட்டோவா?” என்றார் ஓட்டுநர்.

“சுவர்.”

“சுவரு அனங்காம, அசையாம நிக்குமல்லோ, நல்லது.”

9.25க்கு, ஹம்சாவும் முருகேசனும் உடன் நிற்க, பலகையைக் கிடங்கின் வாசற்படியில் கிடத்திப் படமெடுத்தேன். மடிக்கணினி காட்டிய விடையை மறைக்காமல் சொன்னேன்: வலப்பாதியில் நீலம் மிகுதி, சிவப்புக் குறைவு.

“கேமராக்கு எத்தர கண்ணு?” என்றார் ஹம்சா.

“ஆறு.”

“ஆறு கண்ணும் நீ பொய்யன்னு சொல்லுது, முருகேசா.”

முருகேசன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நாங்க சாம்பிள் அட்டையைத் தரையில வச்சு நிறம் பாக்க மாட்டோம், செவுத்துல ஒட்டித்தான் பாப்போம். உங்க பலகை வானத்தைப் பாக்குது. இந்தப் பாதி எதுத்தாப்ல இருக்கற நீலத் தார்ப்பாயைப் பாக்குது.”

எதிரே அரிசிக் கடையின் முன், ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தார்ப்பாய். பலகைமேல் விழுந்த வெளிச்சம் வேறு, சுவர்மேல் விழுந்தது வேறு. நாற்பது ஆண்டு அளவைப் பணி செய்தவன் நான். தவறு முழுக்க என்னுடையது.

பலகையைச் சுவரோடு ஒட்டி, இரு பாதிகளிலும் முருகேசனே பிடித்துக்கொள்ள, 10.10க்கு மீண்டும் படமெடுத்தேன். ஆறு பட்டைகளிலும் இரண்டு மஞ்சளும் ஒன்றேதான்.

“கணக்கு சரி சாரே. எனக்குக் கண்ணு ரெண்டே உள்ளு,” என்றார் ஹம்சா.

அரிசிக் கடைக்காரரைக் கேட்டு, தார்ப்பாயை ஐந்து நிமிடம் சுருட்டச் சொன்னேன். வலப்பாதி, இடப்பாதியின் நிறத்துக்கு வந்து நின்றது. ஹம்சா தெருவின் நடுவில் நின்று பார்த்தார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தும் நகரவில்லை.

“எடா, இத நீ முன்னாடியே பறயக்கூடாதோ?”

“தினமும் சொன்னேன் இக்கா.”

“பின்சுவரும் நீ தன்னே செய்,” என்று சொல்லிவிட்டு எங்களுக்குச் சாயா வரவழைத்தார்.

இத்தகைய அளவுக்குச் செல்வோர், வெயில் சந்துக்குள் நேராக இறங்குமுன், பத்து மணியளவில் தொடங்கலாம். சுவருக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று முதலில் திரும்பிப் பாருங்கள். பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள், தனியாகச் செல்லாதீர்கள்.

பிப்ரவரி 14 அன்று ஹம்சாவுக்கு அறிக்கை அனுப்பினேன். ‘அளவிட்டோர்’ என்ற இடத்தில் முருகேசனின் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதியிருக்கிறேன்.