சபை இன்னும் சேரவில்லை

மச்சானை நினைத்தால் அவருடைய பாதி முகம்தான் முதலில் வருகிறது. கலை மையத்தின் கேன்டீனுக்குப் பின்னால், குழாயடியில் குந்திக்கொண்டு, கையகலக் கண்ணாடியில் பார்த்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் வெள்ளை. இன்னொரு கன்னம் அவர் கன்னம். வேஷம் கட்ட அங்கே தனி அறை உண்டு. அன்றைக்கு அதை யாரும் திறந்துவிடவில்லை. "இங்க காத்து நல்லா வருது மச்சான்" என்றார். அவருக்கு நானும் மச்சான்தான். கோபமா, நிஜமாகவே காற்றுதானா என்று தெரியவில்லை. பாதி முகத்தில் எதுவும் பிடிபடாது.

அவர் என் தங்கையின் புருஷன். எங்களுக்குச் செய்யூர்ப் பக்கம். பகலில் கொத்தனார் வேலை, கூத்தில் கட்டியக்காரன். தெருக்கூத்து பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூத்தில் ராஜா நேராக வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ராஜா அதற்குப் பின்னால் இருப்பார். கட்டியக்காரன் அவருடைய வாசல் காவல்காரன். கோமாளிக் குல்லா போட்டிருப்பான். யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணுவான், யாரும் தட்டிக் கேட்க முடியாது. சபை சேர்ந்துவிட்டது, வரலாம் என்று அவன் சொன்ன பிறகுதான் திரை விலகும். முறை அது.

நானும் காவல்காரன்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் இருந்த அந்த மையத்தின் கேட்டில் நின்றேன். நாட்டியம், சொற்பொழிவு, ஓவியக் கண்காட்சி என்று வாரா வாரம் ஏதாவது இருக்கும். கார் வரும், போனில் பாஸைக் காட்டுவார்கள், விடுவேன். கேட்டுப் பக்கத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். மக்கள் கலை மக்களுக்கே என்று பல பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் பேசுவார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். மக்கள் என்றால் யார் என்று அவர்களைக் கேட்டதில்லை.

ஒரு நாள் எங்கள் ஊர்க் கூத்தை அழைத்தார்கள். சாயங்காலம், ஒரு மணி நேரம். ஊர்ச் சனம் டெம்போ பிடித்து வந்து இறங்கியது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து. முன்னால் என் தங்கை. பாஸ் ஒருவரிடமும் இல்லை. கூத்து பார்க்கப் பாஸ் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கூத்துக்காரன் போனால் கூட ஊரும் போகும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். "இது இன்வைட் பண்ணவங்களுக்கு மட்டும்பா. அவங்க ஊர்லயே பாத்துக்கலாமே" என்றார். உள்ளே பாதி நாற்காலி காலி. கேட்டிலிருந்தே தெரிந்தது.

"இன்னாண்ணா, உள்ள போவலாமா?" என்றாள் தங்கை.

"பொறு."

"நீதான காவல்காரன்?"

"காவல்காரன்தான். ஓனரா?"

"வூட்டுக்காரரு உள்ள ஆடுவாரு, நான் ரோட்ல நின்னுகினு பஸ்ஸ வேடிக்க பாக்கணுமா?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் வேலை நின்றுபோன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மாதச் சம்பளம் அந்த கேட்தான். வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

மேளம் தொடங்கியது. மச்சான் குதித்துக்கொண்டு வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா கேட்டார். "அடே காவலா, சபை கூடியதா? யாம் வரலாமா?"

"அங்கயே இரு ராஜா. சபை இன்னும் சேரல."

ராஜா வேஷக்காரர் பழைய ஆள். புரிந்துகொண்டார். "சபை நிறைந்துவிட்டதென்று சொன்னார்களே, காவலா?"

"நாற்காலி நெறஞ்சிக்கீது ராஜா. பாதி நாற்காலில நாற்காலியேதான் குந்திகினு கீது."

கூட்டம் சிரித்தது.

"குடிமக்கள் எங்கே?"

"கேட்டாண்ட நிக்கிறாங்கோ. அங்க ஒரு காவல்காரன் கீறான். அவனுக்கும் எனக்கும் ஒரே உத்தியோகம். எனக்குக் குல்லா, அவனுக்குத் தொப்பி."

மேனேஜர் மேடையோரம் வந்து, ஆரம்பி ஆரம்பி என்று கையைச் சுழற்றினார். "ராஜா, இங்க ஒரு சார் கைய ஆட்டிகினு கீறாரு. இன்னா வேஷம்னு தெர்ல" என்றார் மச்சான். அதற்கும் கைதட்டினார்கள். எழுதி வைத்து ஆடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு மச்சான் வேடிக்கையை விட்டார். மேடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மிருதங்கம் நின்றது. "கேட்டு தெறந்தா ராஜா வருவாரு. இல்லாட்டி இதான் இன்னிக்கிக் கூத்து." சிரிப்பு அடங்கியது. நாற்காலியில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். திரை பிடித்தவர்கள் கையை இறக்கவில்லை.

என் போன் அடித்தது. மேனேஜர். "தெறந்துடாத. டெம்போல ஏத்தி அனுப்பிடு."

மச்சான் என் பக்கம் பார்க்கவில்லை. கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. அவருடைய வாசலில் அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என் வாசல் என் கையில் இருந்தது.

"தெறந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.

தங்கைதான் முதலில் போனாள். ஒருவரும் நாற்காலியைத் தேடவில்லை. கூத்தை நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் பார்ப்போம். முன்வரிசைக்கும் முன்னால், மேடையை ஒட்டி மணலில் உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மச்சான் எழுந்தார். எல்லாத் தலைகளையும் நிதானமாகப் பார்த்தார். "இப்ப வா ராஜா" என்றார். திரை விலகியது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "உன்ன கேட்ல வெச்சது எதுக்கு?"

"தெறக்கறதுக்குந்தான் சார்."

யூனிபார்மை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் தங்கை மச்சானைப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் சோத்துல மண்ண போட்டுட்டியே. சேந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஆடிட்டு வந்தா இன்னா?" அவர் சொன்னார்: "எத்த வேணா கிண்டல் பண்ணுவேன். சேராத சபைய சேந்துச்சின்னு மட்டும் சொல்ல மாட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இப்போது படூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் நிற்கிறேன். அந்த மையத்தில் பேச்சும் நாட்டியமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நடக்கட்டும். போன மாதம் அங்கிருந்து மச்சானுக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண். மரியாதையாகத்தான் பேசினாள். கூத்து வேண்டுமாம், கட்டியக்காரன் பகுதியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள முடியுமாம்.

"சுருக்கலாம்மா. நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்ததான். கேட்டு தெறந்து கெடந்தா வந்த ஒடனே சொல்லிடுவேன்."

மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இதுவரை சொல்லவில்லை. மச்சானும் திரும்பக் கூப்பிடவில்லை.

"போன் வரலன்னா?" என்று கேட்டேன்.

"ராஜா உள்ளயே இருக்கட்டும்" என்றார்.