ஊசி போட்ட பின்னூட்டம்

எக்ஸ்ரேக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவுதான்: "நேரா நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. ம், விடுங்க." ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பை அவர் பார்த்திருந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். மூச்சை விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடிவிடுவார்கள். வாய் நிறையக் கதை வைத்துக்கொண்டு கேட்க ஆளில்லாமல் இருப்பது என்ன கொடுமை என்று அவரைக் கேட்டால் சொல்வார். அவரைத்தான் யாரும் கேட்பதில்லையே!

வீட்டிலாவது சொல்லலாம் என்றால் அங்கே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். முன்னறையில் ஒரு பக்கம் நீலத் துணி மலைபோல் குவிந்திருக்கும். இன்னொரு பக்கம் வெள்ளை. நடுவில் அவள் காலும் ஓயாது, வாயும் ஓயாது. இவர் கதையை ஆரம்பித்தால் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "நீட்டி முழக்காம விஷயத்துக்கு வாங்க" என்பாள். இவர் விஷயத்துக்கு வந்து சேர்வதற்குள், "சொல்லி முடிச்சாச்சா? எனக்கு வேலை கிடக்கு" என்று மிஷினை மிதித்துவிடுவாள். அப்புறம் இடியே விழுந்தாலும் கேட்காது.

இந்த நிலைமையில்தான் அவருக்கு, இன்டர்நெட்டில் அவரவரே எழுதிப் போட்டுக்கொள்ளும் வலைப்பூ வந்து வாய்த்தது. அப்போது அந்தச் சொல்லே புதுத்துணி வாசனையோடு இருந்தது. சும்மா கிடைக்கிறது, பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்ப மாட்டான், உலகமே படிக்கும் என்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு எழுதத் தோதாக இருக்கும் என்று மனைவியிடம் பொய் சொல்லிப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையிலேயே போட்டு, 'மூச்சைப் பிடிங்க' என்று வலைப்பூவுக்கும் 'எலும்பன்' என்று தனக்கும் பெயர் சூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல் இரண்டு வாரம் எழுத்துரு தகராறு. அவர் எழுதியதெல்லாம் பார்க்கிறவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். அதைக்கூட நாலு பேர் பார்த்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார், பாவம்.

பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களை எண்ணும் ஒரு எண்காட்டி இருந்தது. அது ஏற ஏற அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவரையும் சேர்த்துத்தான் அது எண்ணுகிறது என்று பின்னாலேதான் தெரிந்தது. தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பின்னூட்டம் என்று பதிவுக்குக் கீழே வாசகர்கள் எழுதுவார்களே, அது மற்றவர்களுக்குக் குவிந்தது. இவருக்கு வந்ததெல்லாம் 'அருமை', 'தொடருங்கள்', அதற்கு மேல் கிடையாது. அதுவும் நான் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன், நீ என் வீட்டுக்கு வந்துவிடு என்கிற மொய்க் கணக்கு. எங்கே சண்டை நடக்கிறதோ அங்கேதான் கூட்டம் கூடுகிறது என்பதை அவர் கவனித்தார். 'அமைதி' என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள். அவள் பக்கத்தில் நாள் தவறாமல் அடிதடி, நாள் தவறாமல் திருவிழாக் கூட்டம். நம்மோடு சண்டை போட யாரும் வரவில்லை என்றால் நாமே போட்டுக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பின்னூட்டத்தில் பெயர் என்று இருந்த பெட்டியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டலாம், கேள்வி கேட்பாரில்லை. மிஷின் மேல் ஊசி பளபளவென்று தெரிந்தது. 'ஊசி' என்று தட்டினார். தட்டிவிட்டு விழித்தார். தன்னைத் தானே திட்டுவது சுலபமான காரியமா என்ன? என்ன எழுதினாலும் கடைசியில் பாராட்டாகவே போய் முடிந்தது. அன்றைய பதிவு, பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு நோயாளியைப் பற்றியது. சரி, சத்தமாகப் படித்துப் பார்ப்போம் என்று படித்தார். பின்னால் மிஷினிலிருந்து மனைவியின் குரல் சூடாக வந்தது.

"அந்த ஆளு பெல்ட்டைக் கழட்டினாரா இல்லையா? அதைச் சொல்லாம அவரோட ஒண்ணுவிட்ட சித்தப்பா வரைக்கும் போறீங்க. முழங்கால் வரைக்கும் தைக்கச் சொன்னா கணுக்கால் வரைக்கும் இழுக்கிறீங்க. சொல்லி முடிச்சாச்சா? எனக்கு வேலை கிடக்கு."

எக்ஸ்ரேக்காரரின் விரல்கள் தாமாகவே ஓடின. ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே அடித்து, ஊசியின் பெயரில் போட்டுவிட்டார்.

மறுநாள் பார்த்தால் திமுதிமுவென்று கூட்டம்! 'யாருங்க இந்த ஊசி?', 'சரியான குத்து', 'சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு' என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு அதுவே தொழிலாகிவிட்டது. பதிவை எழுதுவார், மனைவி காதுபடப் படிப்பார், வாங்கிக் கட்டிக்கொள்வார், வாங்கியதை அப்படியே ஊசியின் பெயரில் ஏற்றிவிடுவார். 'பனித்துளி' என்ற காதல் கவிஞர், "எலும்பன் மன்னிக்கவும், பதிவைப் படிக்க நேரமில்லை, நேராக ஊசியைப் பார்க்க வந்தேன்" என்று எழுதியபோது மட்டும் சுருக்கென்றது. இருந்தாலும் கூட்டம் நம் வாசலில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது போன் கம்பி வழியாக இன்டர்நெட் வந்த காலம். கம்ப்யூட்டர் பேசினால் போன் பேசாது. சீருடைக்கு அளவு சொல்லவும் ஆர்டர் கொடுக்கவும் பள்ளிக்கூடங்களிலிருந்து கூப்பிட்டால் எந்நேரமும் எங்கேஜ்டு. கடைசியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போய், ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டது. அன்று சாயங்காலம் மனைவி மிஷினை நிறுத்தினாள். மிஷினை நிறுத்திவிட்டு அவள் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எழுதறதைப் படிக்கிற ஒரே ஒரு ஆளை என் கண்ணுல காட்டுங்க. காட்டினா லைன் உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா இந்தப் பெட்டியைத் தள்ளிவிட்டுட்டு துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒண்ணு வாங்கப் போறேன்."

"ஒருத்தர் என்ன, ஊரே படிக்குது!" என்று இவர் வாயைக் கொடுத்தார்.

"ஊரெல்லாம் வேணாம். ஒருத்தர்."

இவர் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அந்த வாரமே பதிவர் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. 'வாள்முனை' என்ற புரட்சிப் பதிவர் கூட்டியிருந்தார். 'எலும்பன், ஊசி இருவரும் அவசியம் வரவேண்டும்' என்று தனியாக ஒரு வரி. ஊசி வெளியூரில் இருப்பதாகப் பதில் போட்டுவிட்டு, மனைவியை ஆட்டோவில் ஏற்றினார். வாசகர்களைக் காட்டவும் வேண்டும், ஊசியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவும் கூடாது. வழியெல்லாம் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

சந்திப்பு ஒரு டுடோரியல் வகுப்பறையில். கரும்பலகையில் 'மாபெரும்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது. நாற்காலிகள் சுவர் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். வாள்முனை என்பவர் அந்த டுடோரியலின் கணக்கு வாத்தியார். ஊதினால் பறந்துவிடுவார், குரலும் அப்படித்தான். பனித்துளி ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து நாற்காலியையும் சேர்த்துத்தான் உட்கார முடிந்தது. அமைதி, பேங்க் கேஷியர் அம்மாள். வந்ததும் வராததுமாக மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வாத்தியாரோடு தகராறு செய்துகொண்டிருந்தாள்.

"செந்தீ, நிலாப்பெண், நடுநிலையாளர்னு தினமும் பின்னூட்டம் போடுற மத்தவங்க?" என்றார் எக்ஸ்ரேக்காரர் மெதுவாக.

"செந்தீக்குக் காய்ச்சல். சொல்லியனுப்பினார்" என்றார் வாத்தியார்.

"நிலாப்பெண்ணுக்கு வீட்ல விசேஷம்" என்றார் பனித்துளி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நடுநிலையாளர் வர்றதா இல்ல. எனக்குத் தெரியும்" என்றாள் அமைதி. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கணவனை ஒரு பார்வை பார்த்தாள். துணி போதுமா போதாதா என்று கண்ணாலேயே அளக்கிறவள் அவள்.

வாத்தியார் எழுந்து, 'வலைப்பதிவும் வருங்காலமும்' என்று தொடங்கினார். இனி பத்திரிகைகள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வீட்டுக்கு ஒரு பத்திரிகை, ஆளுக்கு ஒரு வாசகர் படை என்றார். குரல் கேட்காவிட்டாலும் கண்ணில் கனல் தெரிந்தது. போய்க்கொண்டே இருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. பனித்துளிக்குத் தலை தொங்கிவிட்டது. "வருங்காலத்தில் உலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் எழுதுவார்கள்!" என்று வாத்தியார் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் எழுதப்போறாங்க, சரி. படிக்கப்போறது யாரு?"

மனைவிதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, வீட்டில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சார், பட்டன் வைக்க வேண்டிய இடத்துல பட்டனை வெக்காம காலரையே சுத்திச் சுத்தித் தைக்கிறீங்க. சொல்லி முடிச்சாச்சா? எனக்கு வேலை கிடக்கு."

பனித்துளி விழித்துக்கொண்டார். அமைதி மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நீங்க... நீங்கதானே ஊசி?"

"ஊசியா? நான் இவர் சம்சாரம்."

"ஐயோ, ஊசியேதான்!" என்று பனித்துளி கத்தினார். "எலும்பன் சார், வெளியூர்னு சொன்னீங்களே, வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கீங்களா?" வாத்தியார் தன் பேச்சு பாதியில் அறுந்ததையும் மறந்து கும்பிட்டார். 'முழங்கால், கணுக்கால்' என்று ஒருத்தர் சொல்ல, அடுத்த வரியை இன்னொருத்தர் மனப்பாடமாகச் சொன்னார். மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவைதான். முன்பின் பார்த்திராத மனிதர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். எக்ஸ்ரேக்காரர் திருதிருவென்று விழித்தார். இருட்டறையில் தன்னையே யாரோ நிற்கவைத்துப் படம் எடுத்ததுபோல் இருந்தது அவருக்கு. மென்று விழுங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊசி என்று யாரும் இல்லை, நான்தான் அடித்தேன், ஆனால் சொன்னதெல்லாம் இவள்தான் என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வாத்தியார் இருமினார். "செந்தீயும்... நான்தாங்க."

"நிலாப்பெண் நான்" என்றார் பனித்துளி. அந்த உடம்புக்கு அந்தப் பெயரா என்று வாத்தியாருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"நடுநிலையாளர் நான்" என்றாள் அமைதி. "அதுக்கு என்ன இப்போ?"

"ஆக மொத்தம் நாலு பேர்" என்றாள் மனைவி. "நாலு பேரா சேர்ந்து பத்திரிகையை மூடப்போறீங்க?"

அப்புறம் பாருங்கள், யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது, கரும்பலகை அதிரச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைதி மட்டும் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சிரிக்காம சொல்றேன் அக்கா. நாளெல்லாம் கவுன்டர்ல ஒருத்தரும் என்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசறதில்ல. இன்னிக்கு ஊசி என்ன சொல்லியிருக்கும்னு பார்க்கத்தான் வீட்டுக்கு ஓடுவேன். அது பொய்யில்ல."

மனைவி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோ வேண்டாம் என்று நடந்தாள். எக்ஸ்ரேக்காரர் பின்னாலேயே நடந்தார். கதை கந்தலாகிவிட்டது, கம்ப்யூட்டர் போன இடத்தில் நாளைக்கு ஓவர்லாக் மிஷின் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மருந்துக்கடை முனையில் அவள் நின்றாள்.

"எல்லாம் நான் சொன்னதேவா?"

"ஒரு எழுத்து மாத்தல."

"நான் பேசறப்போ ஒரு தடவைகூட நீங்க காதுல வாங்கின மாதிரியே தெரியாதே."

"வாங்கினேன்" என்றார். "எல்லாத்தையும் வாங்கினேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். தூசியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேற்கொண்டு லைனைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. சொன்ன நிபந்தனைப்படி அவர் தோற்றுத்தான் போயிருந்தார். அவர் காட்டிய மூன்று பேரும் அவளுடைய வாசகர்கள். ஆனால் கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. போன் பேச ஒரு நேரம், பெட்டி பேச ஒரு நேரம் என்று அவளே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாள். எந்தப் பொத்தானில் எந்த எழுத்து என்று போகிறபோக்கில் ஒருநாள் கேட்டாள். இவரும் போகிறபோக்கில் சொல்லிக்கொடுத்தார்.

சந்திப்பைப் பற்றி அவர் ஒரு பதிவு எழுதினார். ஊசியைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டார். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை, தைரியம் வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பக்கத்தைத் திறந்தார். பின்னூட்டம் ஒன்றே ஒன்று இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் 'ஊசி'. அவர் அடித்தது இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். அங்கங்கே எழுத்து விட்டுப்போயிருந்தது, ஒரு விரலால் தேடித் தேடி அடித்தது தெரிந்தது.

"முழுசாப் படிச்சேன். இந்தத் தடவை அளவு சரியா இருக்கு. என்னைப் பத்தி எழுதின கடைசிப் பத்தி மட்டும் ரொம்ப நீளம், அதை வெட்டிடுங்க. எனக்கு வேலை ஒண்ணும் இல்ல, நீங்க எழுதுங்க."

முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தைக்க வேண்டிய நீலத் துணி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேக்காரர் அந்தப் பின்னூட்டத்தை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்.