பெடல் மிதித்த கால்

அக்காவுக்குச் சாய இடம் கிடைத்தால் போதும், கண் சொருகிவிடும். பஸ்ஸில், பல் டாக்டரின் நாற்காலியில், ஏன், தன் கல்யாண வரவேற்பிலேயே தூங்கியவள். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று, வலது காலால் பெடலை மிதித்து, நீராவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவள் வேலை. ஊரார் கட்டிலுக்கெல்லாம் விரிப்புத் தேய்த்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஒரு வருஷம் ஓட்டிவிட்டாள். மலக்குடலில் புற்றுநோய். குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் நேரே ஆபரேஷன். தாண்டியிருந்தால் முதலில் மாதக்கணக்கில் கதிர்வீச்சும் மருந்தும், பிறகுதான் கத்தி. எதுவென்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சொல்ல வேண்டும். "வெட்டி எடுத்துட்டா போதும்டா. அலையறதுக்குத் தெம்பு இல்ல" என்றாள் போனில்.

நான் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தில் கட்டியைச் சுற்றிச் செயற்கை நுண்ணறிவு ஒரு மஞ்சள் கோடு வரைந்திருந்தது. அது சுவரைத் தாண்டிப் பிதுங்கி நின்றது. மாதக்கணக்கில் அலைச்சல்தான் என்று நினைத்துக்கொண்டேன். படம் பார்க்கும் டாக்டரம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சுவரே இரண்டிரண்டாகத் தெரிகிறது, இதை நம்பி எதுவும் சொல்ல மாட்டேன் என்று ஸ்கேன் எடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர் தயங்கி அக்காவைக் கேட்டார். "தையல் மிஷின் ஓட்டுறீங்களாம்மா? கடைசியிலதான் கவனிச்சேன். நீங்க நல்ல தூக்கம், வலது கால் மட்டும் மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு."

ஸ்கேன் மிஷினின் அந்த இடிச்சத்தத்தில் எப்படித் தூங்கினாய் என்றேன். சலவைக்கூடத்துக்கு அது எவ்வளவோ தேவலை என்றாள்.

"கால் ஆடினது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குடுத்த படத்துல கோடு போட்டுடும்" என்றார் டாக்டரம்மா.

மறு ஸ்கேன் வரை வீட்டில் எல்லோரும் அந்தக் காலைத்தான் நம்பியிருந்தோம்.

இம்முறை காலைப் பட்டையால் கட்டினார்கள். முழித்திருக்கிறாளா என்று நடுநடுவே காதுக் கருவியில் கேட்டுக்கொண்டே எடுத்தார்கள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. மஞ்சள் கோடு இப்போது சின்னது. டாக்டரம்மா தன் கையால் இன்னொரு கோடு இழுத்தார். இரண்டும் ஒட்டியே போய், ஒரே இடத்தில் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தன. பக்கத்து நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருந்தன.

"கொஞ்சந்தான். ஆனா தாண்டிடுச்சு" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

"கதிர்வீச்சுக்கும் படுக்கணுமா?"

"ஆமாக்கா. போற அன்னிக்கெல்லாம் பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல என்னத்தடா தூங்குறது" என்று சலித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள்.

மருந்து வாங்க எங்கள் டோக்கன் எண்ணை அழைத்தார்கள். அதற்குள் அவள் வலது கால் தரையை மெல்ல மிதிக்கத் தொடங்கியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.