ஹெட்லைட் விற்று நான் பட்ட வெட்கம்

கார் விற்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: விற்ற காரை இருட்டில் ஓட்ட வேண்டியது நாங்கள் இல்லை.

திருநெல்வேலி பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புடவையோ, மிக்ஸியோ, இன்சூரன்ஸோ, எதையாவது வாயால் விற்றுப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் என் நிலைமை அவர்களுக்கு உடனே புரியும். நாம் சொல்லி அனுப்பிய வார்த்தை ஒருநாள் வாங்கினவர் வாயிலேறி நம்மிடமே திரும்பி வரும். அதுவும் புது வாடிக்கையாளர் ஒருவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் வரும்.

என்னிடம் அப்படித் திரும்பி வந்ததெல்லாம் பெரும்பாலும் ஹெட்லைட். பழைய மஞ்சள் பல்பு போய், வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்தபோது எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பட்டப்பகலில், ஏசி அறையில், பெரிய திரையில் படம் போட்டு. "இரவைப் பகலாக்கும் விளக்கு" என்ற வரியை அங்கேதான் மனப்பாடம் செய்தேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, பகலில் நன்றாக ஓட்டுவேன். ஆனால் இருட்டுவதற்குள் வேலையை முடித்துப் பாளையங்கோட்டை பஸ் ஏறிவிடுகிறவள் நான். அந்த விளக்கு ராத்திரி ரோட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் என்னிடம் கார் வாங்கியவர்கள்தான்.

சுவர்ப் பக்கம் நின்ற அம்மா

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வயலும் ரைஸ் மில்லும் உள்ள குடும்பம். அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "லைட்டைப் போட்டுப் பாருங்க சார்" என்றேன். ஷோரூமின் பின்சுவர் பளீரென்று வெளுத்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் மனப்பாடம் செய்த வரியை எடுத்துவிட்டேன். காருக்கும் சுவருக்கும் நடுவில் அவர் மனைவி நின்று காலண்டர் பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. என்ன வெளிச்சம் என்று அந்த அம்மா திரும்பினார். மறுநொடி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, நாற்காலி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறினார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். "கண்ணுக்குள்ள பச்சைப் பச்சையா பறக்கும்மா" என்றார். இது தூரத்துக்கு அடிக்கிற ஹை பீம், தாழ்த்திப் போடுகிற லோ பீமில் இவ்வளவு இருக்காது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கணவரோ இறங்காமல், ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "பாபநாசம் ரோட்டுல மாடு படுத்திருந்தா அரை மைலுக்கு முன்னாலயே தெரியும்லா" என்று சந்தோஷப்பட்டார். அன்றைக்கே புக் செய்துவிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் பேசவில்லை, கணவரிடம்தான் கேட்டார், என் காது படவே கேட்டார்: "நமக்கு வெளிச்சம், சரி. எதுக்க வாறவன் நமக்கு என்ன பாவம் செஞ்சான்?"

ஊரெல்லாம் தெரிந்தவர்

மேலப்பாளையத்தில் கைலி வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினார். முதல் சர்வீஸுக்கு வந்தவர் நேரே என் மேஜைக்கு வந்தார். வாரா வாரம் குடும்பத்தோடு காயல்பட்டினத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். பின்னால் டிக்கி நிறைய கைலிக்கட்டு. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுக் கிளம்பினால் வழியெல்லாம் ஒரே மரியாதை. "எதுக்க வாற வண்டி ஒண்ணு விடாம லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுதான் தங்கச்சி. இந்தப் பக்கம் இத்தனை பேருக்கு நம்மளத் தெரியுமான்னு எனக்கே ஆச்சரியம். நானும் பதிலுக்கு லைட்டை அடிச்சு, கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டுட்டுத்தான் போறேன்" என்றார். நானும் சிரித்தேன்.

பக்கத்தில் நின்ற சர்வீஸ் மெக்கானிக் சிரிக்கவில்லை. "பின்னால பாரம் ஏத்துதியளா?" என்று கேட்டார். பின்னால் அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், விளக்கு எதிரே வருகிறவன் கண்ணுக்கு நேராகப் போய்விடும் என்றார். அதைத் தாழ்த்துவதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே குட்டியாக ஒரு உருளை இருக்கிறது, பாரத்துக்குத் தக்கபடி அதைத் திருப்ப வேண்டும் என்று வண்டிக்கே கூட்டிப்போய்க் காட்டினார். வண்டியை டெலிவரி கொடுத்தது நான். மாலை போட்டு, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தேனே தவிர, அந்த உருளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற உருளை அது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். மெக்கானிக் போன பிறகு பாய் அந்த உருளையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ இத்தனை நாளா, ஏசினவனுக்கெல்லாம் நான் சலாம் போட்டுட்டு இருந்திருக்கேனா தங்கச்சி?"

ஒரு பல்பு

இவர் கூடங்குளத்துக்காரர். மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலை. இடது பக்க ஹெட்லைட் எரியவில்லை என்று வந்தார். கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. இப்போதைய விளக்கில் பழைய மாதிரி பல்பைக் கழற்றி மாட்ட முடியாது, மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும், அதுவும் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதுவரை ஒற்றைக் கண்ணோடுதான் ஓட்ட வேண்டும். இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாங்கும்போது இதை நான் சொன்னேனா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. எழுந்தார். "நாட்டுக்கே கரண்டு குடுக்க ஊருல இருந்து வாறேன், என் வண்டிக்கு ஒரு பல்பு மாத்த வழியில்லங்கியே பாப்பா!"

ஒளிவிலகல்

கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் எடுத்தவர். ரிட்டயராகி, தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் போய்வருகிறவர். என்னிடம்தான் வாங்குவேன் என்று தேடி வந்தார். மழையில் இந்த லைட் எப்படி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான நிறம், அதனால் கண் களைக்காது, எந்தக் காலத்திலும் ஒன்றுபோல இருக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் இருட்டிப்போன ஒரு சாயங்காலம் ஷோரூம் வாசலில் வந்து நின்றார். "ஏறு" என்றார். பைபாஸில் ஓட்டினார். தார் ரோடு கறுப்பாக நனைந்து கிடந்தது. போட்ட வெளிச்சமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மழைத்துளிகள்தான் வெள்ளை வெள்ளை ஊசியாகக் கண்ணில் மின்னின. ஓரத்தில் போட்ட வெள்ளைக் கோட்டைக் காணோம். பள்ளம் எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எதிரில் ஒரு வண்டி அதே மாதிரி வெள்ளை விளக்கோடு வந்தபோது எனக்கு ரோடே மறைந்துவிட்டது. பயத்தில் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். "அது வந்து டீச்சர், வெளிச்சத்தோட கலர் டெம்பரேச்சர்..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. டீச்சர் வண்டியை ஓரம் கட்டினார். கோபமே இல்லாமல் சொன்னார்: "ஒன்பதாங் கிளாஸ்லயும் நீ இப்படித்தான் ஜெபா, ஒளிவிலகலைக் கமா கூட விடாம ஒப்பிப்பே, ஏன்னு கேட்டா முழிப்பே."

வாழையிலைக் கட்டு

பாபநாசத்தில் ஒருவர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். வழக்கமாக ஓட்டிப்போகிற பையன் வரவில்லை. நானே எடுத்துப் போனேன். அவர் குடும்பத்தோடு நிதானமாக ஓட்டிப் பார்த்து, காப்பி கொடுத்து அனுப்புவதற்குள் இருட்டிவிட்டது. எனக்கு ராத்திரியில் ஓட்டிப் பழக்கமில்லை. ஆனால் அந்த வண்டியில் எதிரே வண்டி வந்தால், அதன் வெளிச்சத்தைப் பார்த்து விளக்கு தானாகத் தாழ்ந்துகொள்ளும். "நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், வண்டியே பாத்துக்கிடும்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன். பஸ் வந்தது, தாழ்ந்தது. லாரி வந்தது, தாழ்ந்தது. நான் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்பாசமுத்திரம் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் வயல் உள்ள ஒரு வளைவில், மொபெட் ஒன்று வந்தது. அதன் விளக்கு பீடி நெருப்பு அளவுக்குத்தான் இருந்தது. அதை என் வண்டி ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை. அந்த ஆளைப் பகலில் பார்ப்பதுபோல எனக்குத் தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் வாழையிலைக் கட்டு. ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். விளக்கு இப்போது தாழும், இப்போது தாழும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் விரலுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தது. தாழ்த்தவில்லை. அப்புறம் வெளிச்சத்தில் அவர் இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். ரோட்டோர வாய்க்கால் சரிவில் மொபெட் படுத்துக் கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். என் அப்பா வயது இருக்கும். முழங்கை தேய்ந்து ரத்தம். "ஐயா, தெரியாம ஆயிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஏறுங்க" என்று அழுதேன். அவர் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். "எலும்பு ஒண்ணும் முறியல" என்றார். பிறகுதான் இலையைப் பார்த்தார். மறுநாள் காலை கல்யாணப் பந்திக்குக் கொண்டுபோகிற தலைவாழை இலை. சேற்றில் பரந்து கிடந்தது. எனக்கு அந்த விளக்கைப் பார்க்கவே கூசியது, அணைக்கப் போனேன். "அணைச்சிராதிய, இலை பொறுக்கணும்லா" என்று சத்தம் போட்டார்.

பொறுக்கினோம். இரண்டு பேரும் வாய்க்கால் தண்ணீரில் இலை இலையாக அலசினோம். கிழிந்ததை அவர் ஒரு பக்கம் போட்டார். அந்தப் பக்கம்தான் உயர்ந்துகொண்டே போனது. நல்லதை நாரால் கட்டினார். குறைகிறதற்கு விடிவதற்குள் தோட்டத்தில் போய் அறுத்துக்கொள்வேன் என்றார். என் வெள்ளை யூனிஃபார்மில் வாழைக்கறை. அது இன்றுவரை போகவில்லை. என்னை இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் ஏசவில்லை. மொபெட்டை மேலே ஏற்றி, என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, வெளிச்சம் போகிற திசையில் ரோட்டைப் பார்த்தார். அடுத்த வளைவு வரைக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. சொன்னார்: "நல்ல வெளிச்சம்தாம்மா. இப்படிப் பின்னால நின்னு பாத்தா."

கலர்

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில், வண்டியில் கீறல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்து, அந்த ஆளுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கெட்டவர் இல்லை, கேட்கிற வரிசை மட்டும் அப்படி. நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்: வாங்க வருகிறவர்களுக்கு இருட்டிய பிறகும் ஒருமுறை வண்டி ஓட்டக் கொடுப்போம், விளக்கை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், வேறொரு காரில் எதிரேயும் வந்து பார்க்கட்டும், அதற்காக நானே கூடுதல் நேரம் இருக்கிறேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பாசமாகச் சொன்னார்: "என்னம்மா நீ, ராத்திரியில காட்டினா வண்டி கலர் தெரியாதுல்லா? நம்ம ஆளுக கலரைப் பாத்துத்தான வாங்குதாங்க!"

ஹெட்லைட்டை எப்போது தாழ்த்த வேண்டும் என்று இன்னும் எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் தலை மட்டும் யாரும் சொல்லாமலே தாழப் பழகிவிட்டது.