கேட்காமல் போன சத்தம்

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது. எண்பதுகளில் நானும் அம்மாவும் தாம்பரத்தில் ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். "அக்கா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்று மருத்துவ மாணவர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். ஸ்டெத் வைத்து, குறுகிய வால்வில் ரத்தம் முட்டிமோதிப் போகிற உறுமலைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். அந்த வயதில் என்னை ஆசையாகத் தேடி வந்தவர்கள் அவர்கள்தான். அதுவும் என்னையா தேடினார்கள்? பெண் பார்க்க வந்தவர்களோ, இதயம் என்றதும் எழுந்து போனார்கள். காபியைக் குடித்துவிட்டுத்தான், அதில் ஒன்றும் குறைவில்லை.

ஒருமுறை ஒரு மாணவன் ஸ்டெத்தை அங்கே இங்கே நகர்த்திப் பார்த்துவிட்டு, சத்தமே கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். அடுத்தவனும் அதையே சொன்னான். பெரிய டாக்டர் வரும்வரை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தம் நின்றால் குன்றத்தூர் மலைக்குப் படியேறி வருவதாக வேண்டியிருந்தாளாம். எனக்கு முன்பைவிட மூச்சு வாங்குகிறதே என்றேன். ரத்தசோகை, பேரீச்சம்பழம் சாப்பிடு என்றாள்.

டாக்டரைப் பார்க்காமலேயே குன்றத்தூருக்குக் கிளம்பினோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாதென்று அம்மா மட்டும் மேலே போனாள். தேங்காய் மூடியோடு இறங்கியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாராவது பக்கத்தில் உட்கார மாட்டார்களா என்றிருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெரிய டாக்டர் கோபப்படவில்லை.

"சத்தம் குறைஞ்சா நோய் குறைஞ்சதுன்னு அர்த்தமில்லம்மா. நுரையீரல்ல அழுத்தம் ஏறிப்போச்சு. வால்வு வழியா ரத்தமே சரியாப் போகல. அப்புறம் சத்தம் எங்கேருந்து வரும்?"

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த அழுத்தத்தில் உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார். அம்மா அதன்பிறகு முருகனைப் பற்றிப் பேசவேயில்லை.

வால்வைத் திறந்துவிட்டார்கள். பிழைத்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாணவி ஸ்டெத் வைத்து, "லேசா கேக்குதுக்கா" என்றாள். அம்மா பதறிப்போய் டாக்டரைப் பார்த்தாள். ரத்தம் நன்றாக ஓடுகிறது, இந்த அளவுக்குக் கேட்டால் சந்தோஷம்தான் என்றார் அவர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இப்போது அம்மா இல்லை. செக்கப்புக்குத் தனியாகத்தான் போகிறேன். ஸ்டெத் வைத்ததும், கேட்கிறதா என்று நானே முந்திக்கொண்டு விசாரிப்பேன். கேட்கிறது என்பார்கள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான், இதைச் சொல்ல ஆளில்லை என்பது உறைக்கும்.