பேனா வட்டம்

போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போடுவதற்கு முன்னால், அந்தச் சின்ன வயது நர்ஸ் முன்கையில் துளி மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். "அழிச்சிடாதீங்கம்மா, தடிக்குதான்னு பாக்கணும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்தில், முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் எங்கள் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். நான் அங்கே நர்ஸ். மாத்திரை கொடுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சனம்; ஊசி போட்டால்தான் அவர்களுக்கு வைத்தியம். டாக்டரோ, யாராக இருந்தாலும் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க முதலில் சோதனை ஊசி போட்டு, தன் பேனாவால் வட்டம் போட்டு, பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். "டாக்டரு பச்சை குத்திட்டாருடா" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு காத்திருப்பார்கள்.

அன்றைக்குக் காலில் சீழ் பிடித்து வந்தவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதிவிட்டது. அடுத்த சங்குக்குள் போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். "போன வாரந்தான போட்டீங்க, ஒண்ணும் ஆவல. சும்மா குத்துங்க சார், வேலை பூடும்" என்று கெஞ்சினார். டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடிவிட்டார். ஊசி போட்டுக்கொண்டு எழுந்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் சரிந்தார். என்னென்னவோ செய்து பார்த்தோம். இரண்டாவது சங்கு ஊதியபோது உயிர் இல்லை.

விசாரணை வந்தது. சோதனை ஊசி போட்டதாக நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் வக்கீல். டாக்டருக்காகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். டாக்டர்தான் விடவில்லை. "நான் போடலம்மா. எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்." மருத்துவர் பதிவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், போனதும் ஓர் உயிர்தானே. ஆனாலும் வாசலில் போர்டைக் கழற்றியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, இறந்தவரின் மனைவி காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஐயா, நீங்களே ஒரு ஊசி போட்டுவுடுங்க. அவரு அவசரப்பட்டாரு, நீங்க என்னா பண்ணுவீங்க?" டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு உரிமை இல்லம்மா" என்றவர், எங்களையும் கூட்டிக்கொண்டு பண்ருட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

அங்கே கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று, தன் மகன் வயதுள்ள டாக்டரைக் கும்பிட்டு, "முதல்ல டெஸ்ட் போட்டுடுங்க சார்" என்றார். போட்டார்கள். வட்டம் போடத் தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வட்டத்தையே பார்த்திருந்தார். தடிக்கவில்லை. ஊசி போட்டார்கள். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவேயில்லை.

"தடிக்கலம்மா, போட்டுடலாமா?" என்று திரும்பி வந்தாள் அந்தச் சின்ன வயது நர்ஸ்.

"இன்னும் கொஞ்சம் பாத்துக்கோ தாயி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.